சுபேதார் வீட்டு ஜீப்பும் ஒழுகும் பிரேக்கும்

சிர்சாவில் இருந்து மேற்கே ஒரு மணி நேரம் போனால் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர் வரும். ஹரியானா அங்கே முடிந்து பஞ்சாப் ஆரம்பிக்கும். ஜீப் பைத்தியம் பிடித்த வடக்கத்திக்காரர்களுக்கு அந்த ஊர், நமக்குச் சிவகாசி மாதிரி. பேரைச் சொன்னாலே சரக்கு என்னவென்று தெரிந்துவிடும். ராணுவம் கழித்துக்கட்டிய பழைய ஜீப்பின் சேஸிஸ், எங்கோ அடிபட்டுக் கிடந்த வண்டியின் எஞ்சின், மூன்றாவதாக ஏதோ ஒன்றின் கியர்பாக்ஸ், அதற்கு மேல் தகரத்தை வெட்டி வளைத்துப் பற்றவைத்த பாடி. எல்லாம் சேர்ந்து ஒரு நாள் பளபளவென்று புது ஜீப்பாக வெளியே வரும்.

இங்கிலாந்தில் இதையே கொஞ்சம் கௌரவமாக 'கிட் கார்' என்பார்கள். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற கார் அப்படித்தான் பாகங்களாக விற்றது. முழுக் காராக வாங்கினால் அரசாங்கம் கொள்முதல் வரி போடும். பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. 1973-இல் வாட் வரி வந்தபோது அந்தச் சலுகை போய்விட்டது. (பி.காம். படித்தவனுக்கு ஒரு காரைப் பற்றி முதலில் ஞாபகம் வருவது இதுதான், மன்னிக்கவும் :-)) நம்ம மஹிந்திராவே 1940களின் கடைசியில் வில்லீஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்குமதி செய்து பூட்டி விற்றுத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கிட் காரைச் சோதனை செய்து பதிவு செய்ய வழி இருக்கிறது. இங்கே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆக, இந்த மாதிரி ஜீப்புக்குக் கடன் கேட்டு யாராவது எங்கள் கிளைக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வண்டி, வாசலில் நிற்பது வேறு வண்டி. நாளைக்கு ஒன்று ஆனால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பது அதைத்தான்.

இவ்வளவு நியாயம் பேசுகிற என் வீட்டு வாசலிலேயே அப்படி ஒரு ஜீப் நின்றது. என்னுடையது அல்ல, வீட்டுக்காரருடையது.

2022 ஜூனில் சிர்சாவுக்கு மாற்றல் ஆனது. "அது எங்கப்பா இருக்கு?" என்று திருச்செங்கோட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் "தில்லியில இருந்து மேற்கே இருநூத்தி அம்பது கிலோமீட்டர்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கோதுமை, பருத்தி, கின்னோ ஆரஞ்சு. வெயில் காலத்தில் 45 டிகிரி. குளிர் காலத்தில் எதிரே வருகிற ஆள் தெரியாத பனிமூட்டம். கிளையில் பாதி வேலை விவசாயக் கடன் அட்டைதான். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற சீக்கியர், எழுபத்து நாலு வயது. தெருவே அவரைச் 'சுபேதார் சாப்' என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே. அவருக்கு நான் 'மேனேஜர் சாப்'. தங்கமணி 'பேட்டி', பையன் 'ஷேர்'. (ஷேர் என்றால் சிங்கம். பத்தாவது படிக்கும் இந்தச் சிங்கத்தைக் காலையில் எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று தங்கமணியைக் கேளுங்கள்.)

அவருடைய ஒரே மகன் கனடாவில் பிராம்ப்டனில் லாரி ஓட்டுகிறார். 2007-இல் போனவர். அவர் இங்கே இருந்தபோது அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து பூட்டியதுதான் அந்த ஜீப். சேஸிஸ் பழைய வில்லீஸ் வகை. எஞ்சினும் முன் ஆக்ஸிலும் ஒரு மாருதி ஜிப்ஸியில் இருந்து வந்தவை. பின்னால் ஜீப்பின் சொந்த டிரம் பிரேக். முன்னால் ஜிப்ஸியின் டிஸ்க் பிரேக். அந்த டிஸ்க் வேலை மகன் 2006-இல் தன் கையால் செய்தது. சுபேதார் சாப் இதை எனக்கு முதல் வாரமே சொன்னார். இரண்டாவது வாரமும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வயலுக்குப் போவார். வீட்டில் இருந்து ஏழு கிலோமீட்டர், அதில் நாலு கிலோமீட்டர் கால்வாய் கரை. பக்ரா அணைத் தண்ணீர் வரும் கால்வாய். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கோதுமை, நடுவில் ஒற்றை வண்டிப் பாதை. என் பையன் கூடவே போவான். அவனுக்கு அது வாரத்தின் உச்சம்.

2023 அக்டோபரில் முன் வலது சக்கரத்தின் உள்பக்கம் டயர் ஈரமாக இருந்தது. பிரேக் ஆயில். மிஸ்திரி ஒருவர் வந்து காலிப்பரைக் கழற்றி 'கிட்' மாற்றிக் கொடுத்தார். ரப்பர் சீல், தூசி உறை, கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். நான் ஆபீஸில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த நேரம், அதனால் பார்க்கவில்லை.

2024 ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு. சாப்பிடும்போது பையன் சொன்னான்:

"அப்பா, இன்னிக்குக் கால்வாய் ரோட்ல பனிக்குள்ள இருந்து திடீர்னு ஒரு நீல்காய் வந்துச்சு. தாதாஜி ரெண்டு தடவ மிதிச்சாரு, அப்புறம் கியர மாத்தி, ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு இழுத்து... செம திரில்!"

தங்கமணிக்கு நீல்காய் மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்கு 'ரெண்டு தடவ' விழுந்தது.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும். என் அப்பா திருச்செங்கோட்டில் ஒரு மெட்டடார் வேன் வைத்திருந்தார். வாடகைக்கு ஓடும். அதன் பிரேக்கில் ஏர் எடுக்கும்போதெல்லாம் பெடல் மிதிப்பது என் வேலை. அப்பா வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு, "மிதி கண்ணு... புடி... உடாத... ம், இப்ப உடு" என்பார். ஆறாம் வகுப்பில் இருந்து பி.காம். முடிக்கும் வரை மிதித்திருக்கிறேன். அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான். பிரேக் ஒரே மிதியில் புடிக்கோணும். ரெண்டாவது மிதி கேட்டா வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கிரு.

மறுநாள் காலை ஆபீஸ் போகும் முன் ஜீப்பின் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது சக்கரம் மறுபடி நனைந்திருந்தது. இடதும் லேசாகக் கசிய ஆரம்பித்திருந்தது. மூடியைத் திறந்தால் ஆயில் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறது. புதிதாக ஊற்றும்போது தேன் மாதிரி வெளிறி இருக்க வேண்டிய ஆயில். குறையக் குறைய மேலே ஊற்றியிருக்கிறார்களே தவிர, முழுசாக மாற்றியதே இல்லை.

இந்த ஆயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர்தான் ஆயில், எண்ணெய் இல்லை. கிளைகால் வகை ரசாயனம். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு எப்படி நீர்த்துப் போகுமோ, அப்படிக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. அதில் நாலு சதவீதத்துக்கும் குறைவாகத் தண்ணீர் கலந்தாலே அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-இல் இருந்து 140. கொதித்தால் ஆவி. ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போவது அதனால்தான். அது போதாதென்று உள்ளே இருக்கும் இரும்பையும் அந்த ஈரம் துருப்பிடிக்க வைக்கும்.

அடுத்த ஞாயிறு வயலுக்குப் போக வேண்டாம், வண்டியைப் பார்ப்போம் என்றேன். சுபேதார் சாப் சிரித்தார். "மேனேஜர் சாப், நீங்க நோட்டு எண்ணுங்க. வண்டிய மிஸ்திரி பாத்துக்குவார்" என்றார். மிஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தேன். நல்ல மனுஷன், கைவேலை சுத்தம். கழற்றினால் மறுபடி பூட்டத் தெரிந்தவர்.

காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனுக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை வைத்து, குழாய் மாட்டும் துளையில் கம்ப்ரஸர் காற்றை விட்டார். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்து கட்டையில் இடித்தது. விரலை நடுவில் வைத்தால் விரல் இருக்காது. பிஸ்டன் மேல் குரோமியம் பூச்சு, அதில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது.

அப்பாவின் மெட்டடாரில் நான்கு பக்கமும் டிரம்தான். அதில் வீல் சிலிண்டர் என்று ஒன்று உண்டு. ரப்பர் பக்கெட், சிலிண்டரின் உள்சுவரில் உரசிக்கொண்டே போய் வரும். அதனால் உள்சுவர் கெட்டால் ஒழுகும். காலிப்பரில் கதை தலைகீழ். சதுர வெட்டு உள்ள ஒரு ரப்பர் வளையம் உடம்பில் வெட்டிய பள்ளத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன்தான் அதற்குள் நகரும். எனவே ஒழுகாமல் பிடிக்க வேண்டிய இடம் பிஸ்டனின் மேல்பரப்பு. குக்கர் மூடியில் சொட்டை விழுந்திருந்தால் புது கேஸ்கட் போட்டு என்ன பிரயோஜனம்? அக்டோபரில் நடந்தது அதுதான். எமரி பேப்பரில் தேய்த்திருக்கிறார், பூச்சு இன்னும் மெலிந்ததுதான் மிச்சம். கழுவியது பெட்ரோலில். பெட்ரோல் பட்டால் இந்த ரப்பர் உப்பிவிடும். பிரேக் பாகங்களைக் கழுவ ஸ்பிரிட்டோ பிரேக் ஆயிலோதான் சரி.

இந்த ரப்பர் வளையத்துக்கு இன்னொரு வேலை உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பிரேக் மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போகும், வளையமும் அதோடு சேர்ந்து லேசாகத் திருகிக்கொள்ளும். காலை எடுத்ததும் வளையம் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். டிரம்மில் இருப்பது போல இழுக்கும் ஸ்பிரிங் எதுவும் டிஸ்க்கில் கிடையாது. அந்த மயிரிழை விலகலில்தான் சக்கரம் உரசாமல் சுற்றுகிறது.

ஆனால் பிஸ்டன் ஏன் இப்படி ஆனது, சீல் ஏன் மூன்று மாதத்தில் பொரித்த அப்பளமாக விறைத்தது? மிஸ்திரி "சீல் டூப்ளிகேட்" என்றார். இருக்கலாம். ஆனால் சுபேதார் சாப் தன் பங்குக்கு, இதற்கு முன்பும் மூன்று தடவை கிட் மாற்றியதைச் சொன்னார். மாற்றும்போதெல்லாம் அதைத் தேய்மானக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறார். எங்கள் தொழிலில் இது பழக்கப்பட்ட காட்சி. பழைய கடன் வராதபோது அதை மூட ஒரு புதுக் கடன், அது வராதபோது இன்னொன்று. ஆடிட்டர் வரும்வரை எல்லாம் நல்ல கணக்குதான். டிஸ்க்கைப் பார்த்தேன். ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. சூடு.

இடது சக்கரத்தில் காலிப்பர் இன்னும் மாட்டியே இருந்தது. வலது பக்கக் குழாயை அடைத்துக் கட்டிவிட்டு, ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். முக்கினால்தான் சுற்றியது. பெடலில் யாரும் கால் வைக்கவில்லை. காலிப்பரின் நிப்பிளைக் கால் திருகு தளர்த்தினோம். ஆயில் பீச்சியது, உடனே சக்கரம் சுலபமாகச் சுற்றியது. அப்படியென்றால் பிஸ்டன் துருவேறிச் சிக்கிக்கொள்ளவில்லை. உள்ளே அழுத்தம் நிற்கிறது. நிப்பிளை மூடி, பெடலை ஒருமுறை மிதித்துவிட்டால் மறுபடி இறுக்கம். இப்போது நிப்பிளைத் தொடாமல், மாஸ்டர் சிலிண்டரில் இருந்து குழாய் கிளம்பும் இடத்து நட்டைத் தளர்த்தினோம். சக்கரம் விடுபட்டது. ரப்பர் குழாய் அடைத்திருந்தால் இது நடக்காது. பெடலில் தளர்ச்சி சரியாக இருந்ததால், மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுசாகத் திரும்பாமல் நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் செக் வால்வு.

பழைய ஜீப்பில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு வரும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் சேஸிஸில் இருக்கும். நான்கு சக்கரமும் டிரம். டிரம் வண்டியில் பக்கெட்டுகள் தளராமல் இருக்க, காலை எடுத்த பிறகும் குழாயில் பத்து பி.எஸ்.ஐ. போல ஒரு சின்ன அழுத்தம் நிற்கும்படி அந்த வால்வை வைப்பார்கள். டிரம்மில் வலுவான ஸ்பிரிங் இருப்பதால் பாதகம் இல்லை. டிஸ்க்கில் அந்தப் பத்து பி.எஸ்.ஐ., மயிரிழை விலகலைச் சாப்பிட்டுவிடும். பேட் எப்போதும் உரசும். உரசினால் சூடு, சூட்டில் சீல் விறைக்கும், ஆயில் கெடும், ஒழுகும். முன்னால் டிஸ்க் மாற்றியவர் பின்னால் அந்தப் பழைய சிலிண்டரையே விட்டுவிட்டார். வால்வை முழுசாக எடுத்துவிட்டிருந்தாலும் தொல்லைதான், ஏனென்றால் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது, நின்றால் ஆயில் அதை நோக்கி வடியும். அதற்கென்றே இரண்டு பி.எஸ்.ஐ. வால்வு தனியாக உண்டு. 2006-இல் சிர்சாவில் அதை எங்கே போய்த் தேடுவது?

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அந்தப் பழைய சிலிண்டர் ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அறை, ஒரே குழாய். முன் வலதில் ஒரு சீல் முழுசாக விட்டால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இப்போது வரும் கார்களில் இரண்டு அறை, இரண்டு சுற்று. ஒன்று போனாலும் இன்னொன்று பாதியாவது நிறுத்தும். இங்கே மிச்சம் ஹேண்ட் பிரேக்கும் கால்வாயும்தான்.

நான் சொன்னதை மிஸ்திரி உடனே ஒப்புக்கொண்டார். சுபேதார் சாப் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு நல்ல கிட் போடு, போதும். என் மகன் பூட்டின வண்டி. பதினேழு வருஷம் ஓடியிருக்கு" என்றார். குரல் உயரவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. மகன் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. என் அப்பா போன பிறகும் அந்த மெட்டடாரை அம்மா இரண்டு வருடம் விற்க விடாமல் வைத்திருந்தாள், ஓட்ட ஆளே இல்லாமல். அந்தக் கதையை ஹிந்தியில் சொல்லும் அளவுக்கு என் ஹிந்தி போதாது. அன்று இரவு தங்கமணியிடம், "பையன இனிமே ஜீப்ல அனுப்ப வேண்டாம்" என்றேன். "நீங்களே அவருகிட்ட சொல்லுங்க" என்றாள். ஒரு வாரம் சொல்லவில்லை. பரீட்சை, டியூஷன் என்று சமாளித்தோம். ஞாயிறு காலை அவர் கீழே இருந்து "ஷேர்!" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். பையன் என்னிடம் பேசவில்லை.

தனியாகப் போனாலும் ஒழுகும் பிரேக்தானே என்று எனக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவர் பத்திரமாக வந்ததும் கீழே போனேன். "உங்க மகன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு போனை எடுத்து வீடியோ கால் போட்டார். அங்கே விடிகாலை. மகன் லாரி யார்டில் நின்றுகொண்டிருந்தார். நான் விஷயத்தை ஆரம்பித்ததுமே, "அந்தக் கீழ சிலிண்டர் இன்னுமா இருக்கு?" என்றார். பிறகு அப்பாவிடம் பஞ்சாபியில் நிறையப் பேசினார். எனக்குப் புரிந்தவரை, அங்கே தினமும் லாரி எடுக்கும் முன் பிரேக்கைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும், எழுதாமல் ரோட்டுக்குப் போனால் அபராதம், அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, தெரியாமல் செய்தேன், எல்லாத்தையும் மாத்துங்க என்பது. கடைசியில் ஒன்று கேட்டார். கழற்றிய காலிப்பர்களைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட வேண்டாம்.

சுபேதார் சாப் போனை வைத்துவிட்டு, "லிஸ்ட் எழுதுங்க மேனேஜர் சாப்" என்றார்.

லிஸ்ட் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. ஜிப்ஸிக்கு இன்னும் பாகம் கிடைப்பதற்கு ராணுவத்துக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர்களிடம் ஏகப்பட்ட ஜிப்ஸிகள் இருந்தன. காலிப்பர் ஜோடி புதுசு 5,400. ஒழுகுவது அதிகம் ஒரு பக்கம் என்றாலும் இரண்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், கால்வாய் எந்தப் பக்கம் என்று பார்த்து இழுக்காது. பேட் 900. ரப்பர் குழாய் இரண்டும் 700. இரண்டு சுற்று மாஸ்டர் சிலிண்டர் புதுசு 2,300. பூஸ்டர் பழைய ஜிப்ஸியில் இருந்து 1,500. ஸ்டீல் குழாய் 800. தொங்கும் பெடல், அதற்குத் தாங்கி, வெல்டிங் 2,000. ஆயில் 450. கூலி 2,500. மொத்தம் 16,550 ரூபாய். பையன் போகிற வண்டி என்று பாதி நான் தருகிறேன் என்றேன். முறைத்தார். வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல முடியாது, அவருடைய விவசாயக் கடன் எங்கள் கிளையில்தான் இருக்கிறது, நாளைக்கு விஜிலன்ஸ் வந்தால் பிரேக் ஆயிலை வைத்தா விளக்குவது? கடைசியில் ஆயில் மட்டும் என் செலவு என்று முடிந்தது.

வேலை இரண்டு நாள். மாஸ்டர் சிலிண்டர் தரையில் இருந்து எஞ்சின் தடுப்புச் சுவருக்கு ஏறியது, காலிப்பரைவிட உயரத்துக்கு. முன் சக்கரங்களுக்கு ஒரு சுற்று, பின் சக்கரங்களுக்கு ஒரு சுற்று. காலிப்பரில் குழாய் சேரும் இடத்தில் இருபுறமும் செப்பு வாஷர் வரும். பழையதையே போடப் போன பையனைத் தடுத்து, புதிதாக நாலு வாங்கிவரச் சொன்னேன். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை ஒட்டாது.

ஏர் எடுக்கும்போதுதான் வேடிக்கை. மாஸ்டர் சிலிண்டருக்கு எந்தச் சக்கரம் தூரமோ அங்கே ஆரம்பிக்க வேண்டும். நம் நாட்டு வண்டியில் டிரைவர் வலது பக்கம், எனவே பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சுபேதார் சாப் பெடலில் தானே உட்கார்ந்தார். நிப்பிளில் மாட்டிய குழாயையும் பாட்டிலையும் என் பையன் பிடித்துக்கொண்டான். மிஸ்திரி "தபாவோ" என்றால் மிதிக்க வேண்டும், "பக்கடோ" என்றால் பிடிக்க வேண்டும். பீரங்கிப் படை ஆள், சொன்னது சொன்னபடி செய்தார். பின் சக்கரம் இரண்டும் முடிந்தது. முன்னால் எவ்வளவு ஆயில் விட்டாலும் பெடல் பஞ்சுதான். அரை லிட்டர் போனது. மிஸ்திரி மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். நான் குனிந்து பார்த்தேன். நிப்பிள் காலிப்பரின் கீழ்ப்பக்கம் இருந்தது. வலது காலிப்பரை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருந்தார் உதவிக்கு வந்த பையன். அச்சு அசலாகப் பொருந்தும், போல்ட்டும் ஏறும். ஆனால் காற்று மேலேதான் நிற்கும், துவாரம் கீழே இருந்தால் காலம் முழுக்க மிதித்தாலும் போகாது. மாற்றி மாட்டியதும் பத்து மிதியில் பெடல் கல் மாதிரி நின்றது.

பூஸ்டர் பழசு என்பதால் அதற்கு ஒரு சோதனை. எஞ்சினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, பெடலை அமுக்கியபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்கியது. சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், பெயிண்டைத் தின்றுவிடும்.

காலியான மண்டி மைதானத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, மிதித்து, ஓட்டி, மிதித்துப் பார்த்தோம். ஒரே மிதி. இறங்கி சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டு போனேன், ஆறிய தோசைக்கல் சூடுகூட இல்லை. சுபேதார் சாப் கியரை எடுத்துவிட்டு ஜீப்பின் பின்பக்கம் ஒரு கையால் தள்ளினார். அது பாட்டுக்கு உருண்டு போனது. பின்னாலேயே பத்தடி நடந்து போய்ப் பிடித்து நிறுத்தி, மறுபடி ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

மெயின் ரோட்டுக்கு இதை எடுக்காதீர்கள் என்று அப்போதும் சொன்னேன். சட்டம் சட்டம்தான், பிரேக் பிடிப்பதால் ஆர்.சி. மாறிவிடாது. வயல் மட்டும்தான் என்றார். என் பையன் அடுத்த ஞாயிறில் இருந்து மறுபடி போக ஆரம்பித்தான். பழைய காலிப்பர்கள் இரண்டும் வயலில் மோட்டார் ரூம் சுவரில் ஓர் ஆணியில் தொங்கின. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று, பானட்டுக்கு அடியில் வெள்ளை பெயிண்டில் '2024 பிப்ரவரி' என்று மிஸ்திரியை எழுத வைத்தேன். 2025 மே மாதம் எனக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. போன பிப்ரவரியில் ஒரு நாள் வாட்ஸப்பில் சுபேதார் சாப்பிடம் இருந்து ஒரு போட்டோ. பானட்டுக்கு அடியில் அந்த வெள்ளை எழுத்து. கூடவே குரல் செய்தி: வீட்டில் ஒரு பாதி டப்பா பிரேக் ஆயில் பழசு கிடக்கிறது, அதை ஊற்றலாமா?

"வேண்டாம் சுபேதார் சாப். டாட் 4. புது டப்பா, சீல் பிரிக்காதது" என்று பதில் போட்டேன்.